சவேத்தா நிரப்பிய கட்டில்கள்

வால்யா அர்சா ஊர் ஆஸ்பத்திரியில் சவேத்தா இருபத்தெட்டு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தாள். முதல் ஏழு வருஷம் பழைய ஆட்சியில், மிச்சம் இருபத்தொரு வருஷம் புது ஆட்சியில். பழைய ஆட்சியில் பஞ்சு கிடையாது, சாயங்காலமானால் கரண்ட் கிடையாது. டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தார்கள். புது ஆட்சியில் பஞ்சு வந்தது, கரண்ட் வந்தது, டாக்டர்கள்தான் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போனார்கள். சவேத்தா இரண்டு ஆட்சியிலும் அதே தரையைத் துடைத்தாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் எந்தக் கட்டிலில் யார் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்கள், எந்த மகன் அம்மாவின் தலையணைக்கு அடியில் கை விட்டான், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் கிளிகோர் சுரங்கத் தொழிலாளி. தொண்ணூற்றெட்டில் சுரங்கத்தை மூடினார்கள். அரசாங்கத்துக்கு நஷ்டமாம். கையில் ஒரு தொகையைக் கொடுத்து, சொந்தத் தொழில் பண்ணிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த வருஷம் ஊரில் பதினோரு மதுக்கடைகள் திறந்தன. ஒருவர் கடையில் இன்னொருவர் குடித்தார்கள். கிளிகோர் ஒரு கலர் டிவியும் ஒரு பழைய காரும் வாங்கினான். கார் இரண்டு குளிர்காலம் ஓடியது. டிவி மிஞ்சியது. நுரையீரலில் படிந்த கல்தூசும் மிஞ்சியது.

மாதத்தில் இரண்டு மூன்று தடவை அவனுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு தெருவும் ஒரு மரப்பாலமும்தான். சவேத்தா அவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு போவாள். மேல்மாடியில் ஜன்னலோரக் கட்டில், அதன் பக்கத்தில் ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டர். மூக்கில் குழாயை வைத்த கால் மணி நேரத்தில் அவன் அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பிப்பான். திட்ட ஆரம்பித்தால் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம். வீட்டிலேயே வைத்துக்கொள்கிற ஆக்சிஜன் இயந்திரத்துக்கு எழுதிப் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வரிசையில் அவன் எண் நூற்று எழுபத்தொன்று. ஆக, அந்த ஆஸ்பத்திரி இருக்கிற வரைக்கும் கிளிகோர் இருப்பான். சவேத்தாவுக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

போன கோடையில் அரசாங்க ஊழியர் எல்லோருக்கும் சம்பளத்தில் கால்பங்கை வெட்டினார்கள். அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் கேட்டார்களாம். சவேத்தா மிச்சத்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். பிப்ரவரியில் டிவியில் ஆஸ்பத்திரிகளின் பட்டியல் வந்தது. மூடப் போகிறவை. இல்லையென்றால் முதியோர் இல்லமாக மாற்றப் போகிறவை. கிளிகோர்தான் முதலில் பார்த்தான்.

"அடியே, நம்ம ஊர் பேரு டிவியில வருதுடி!"

சவேத்தா சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியோடு வந்து நின்று படித்தாள். பக்கத்து ஊர் பெத்ரேனி அதில் இல்லை. பெத்ரேனி ஆஸ்பத்திரி இதில் பாதிகூட இருக்காது. அங்கே எக்ஸ்ரே மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஊர் மேயர் ஆளும் கட்சியில் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர்.

மறுநாள் மேயர் தெமியான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் மிரோனின் அறையில் உட்கார்ந்து, தரை துடைத்துக்கொண்டிருந்த சவேத்தாவையும் உள்ளே கூப்பிட்டார்.

"சவேத்தாக்கா, நான் கிறிஸ்துமஸுக்குக் கட்சி மாறினதே இந்த ஆஸ்பத்திரிக்காகத்தான். உங்க தலையில அடிச்சு சத்தியம்."

"அதுக்கு முன்னாடி மாறினது?" என்று டாக்டர் கேட்டார்.

"அது ரோட்டுக்காக."

"ரோடு வந்துச்சா?"

"பாலம் வரைக்கும் வந்துச்சுல்ல டாக்டர்? கிண்டல் பண்ணாதீங்க." மேயர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மார்ச் பத்தாம் தேதி தலைநகர்லேர்ந்து ஒரு அம்மா வராங்க. கட்டில் எத்தனை, ஆள் எத்தனைன்னு பார்ப்பாங்க. நமக்கு நாப்பது கட்டில். படுத்திருக்கிறது பன்னெண்டு பேர். இந்தக் கணக்கைக் காட்டினா நாளைக்கே பூட்டுதான்."

"நோய் வரலைன்னா நான் என்ன பண்றது? தண்ணில கிருமி கலக்கவா?"

"நோய் எதுக்கு? ஆள் போதும். மூணே நாள். சூடான ரூம், மூணு வேளை சாப்பாடு. இந்தக் குளிர்ல யாரு வேண்டாம்னு சொல்லுவா? சவேத்தாக்கா போய்க் கூப்பிட்டா வருவாங்க. நான் கூப்பிட்டா தேர்தல்னு நினைச்சுக்குவாங்க."

சவேத்தா ஈரத்துணியைப் பிழிந்தாள். யார் வீட்டுக் கதவையும் அவள் உதவி கேட்டுத் தட்டியதில்லை. "சரிங்க" என்றாள்.

ஐந்து நாள் அவள் வீடு வீடாகப் போனாள். முதல் வீட்டில் கேட்காமலே திரும்பி வந்து, பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி போனாள். அடுத்த வீட்டு அக்லாயாதான் முதலில் ஒத்துக்கொண்டது. எழுபத்து நான்கு வயது, புருஷன் இல்லை, பையன் ஸ்பெயினில் தக்காளி பறிக்கிறான், ஓர் ஆடு வைத்திருந்தாள்.

"ஏண்டி, ஆட்டுக்கு யாரு தழை போடுவா?"

"நான் போடறேன்க்கா."

"பாலு?"

"கறந்து உன் கட்டிலுக்கே கொண்டாந்து தரேன்."

"அப்ப வரேன். என்ன நோவுன்னு சொல்லணும்?"

டாக்டர் மிரோன் நோய்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி வைத்திருந்தார். அக்லாயாவுக்குப் பித்தப்பை வந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் தோதெருக்கு நெஞ்சுவலி.

"பித்தப்பை எனக்கு வேண்டாம் டாக்டரு. எங்க நாத்தனா அதுலதான் போனா. வேற ஏதாவது குடு," என்றாள் அக்லாயா.

"இது என்ன துணிக்கடையா, கலர் மாத்திக் குடுக்க? பிடி, நுரையீரல் அழற்சி."

"அது நல்லாருக்கு. இருமத் தெரியும் எனக்கு."

ஒன்பதாம் தேதி மத்தியானத்துக்குள் இருபத்தேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். அசலான பன்னிரண்டோடு சேர்த்தால் முப்பத்தொன்பது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் சுத்தமாகப் போக வேண்டும் என்று எல்லோரும் குளித்து, முடி வெட்டி, பெட்டியின் அடியில் வைத்திருந்த புதுப் பைஜாமாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கிழவிகள் காதில் கம்மல். வார்டு முழுக்க சோப்பு வாசனை.

பத்தாம் தேதி காலை டாக்டர் சவேத்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கிளிகோரை வீட்டுக்கு அனுப்பணும் சவேத்தாக்கா. இன்னிக்கு ஒருநாள்."

"ராத்திரிதான் டாக்டரய்யா மூச்சே வந்துச்சு."

"தெரியும். ஆனா ரெஜிஸ்டரைப் பாருங்க. இந்த வருஷம் ஆறாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஆறு நாள், ஏழு நாள். அவனை மாதிரி ஆளுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு ரெண்டு நாள்ல தீர்ந்துடும், மிச்சமெல்லாம் நஷ்டம். அந்த அம்மா இன்னிக்குக் கட்டில்ல இருக்கிறவங்க கணக்கைத்தான் பார்ப்பாங்க. ஒரு ஆளு படுத்திருக்கிற சராசரி நாளு ஏறிப்போச்சுன்னா இருபத்தேழு பேரைக் கொண்டாந்ததும் வீண். இவன் ஒருத்தனுக்காக ஆஸ்பத்திரி போயிடும். போனா அவனுக்கும்தானே போச்சு?"

சவேத்தா யோசித்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவளே போய்க் கிளிகோரின் மூக்குக் குழாயை எடுத்தாள், கோட்டைப் போட்டுவிட்டாள். குணமாகிப் போகிறான் என்ற காகிதத்தில் அவளே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

படியில் அவன் மூன்று தடவை நின்றான். "பொய் நோயாளி உள்ள. நெஜ நோயாளி வெளிய," என்றான், மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாக. "கட்சில சேர்ந்துட்டியாடி?"

"பேசாத. பேசினா இழுக்கும்."

அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு அவள் ஓடி வந்தாள். காலியான ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறி அக்லாயா உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சிலிண்டரின் மேல் தன் கோட்டைத் தொங்கவிட்டிருந்தாள்.

தலைநகர் அம்மா பதினோரு மணிக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும், மெல்லிய குரல், சூட்கேஸ் மாதிரி ஒரு கைப்பை. அதட்டுவாள் என்று எல்லோரும் பயந்திருந்தார்கள். அவள் அதட்டவில்லை. தோதெரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சொல்லுங்க பெரியவரே. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அங்கேதான் எல்லாம் கெட்டது. நாற்பது வருஷமாக அந்த ஊரில் தலைநகரிலிருந்து யாராவது வந்தால் மனு கொடுப்பார்கள். மரம் வெட்ட மனு, கூரைக்கு மனு, மகனைப் பட்டாளத்திலிருந்து திருப்பி அனுப்ப மனு. பழைய ஆட்சியில் அப்படித்தான், புது ஆட்சியிலும் அப்படித்தான். பெரிய இடத்து ஆள் என்ன கஷ்டம் என்று கேட்டால் நெஞ்சுவலி என்றா சொல்வார்கள்? தோதெர் புதுப் பைஜாமாவின் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். தபால்காரர் அல்லவா, கையெழுத்து மணியாக இருந்தது.

"மேடம், விறகு மானியம் மூணு குளிர்காலமா வரலை. தனியா இருக்கேன். கிணத்துல தண்ணி உறைஞ்சு போச்சு. எல்லாத்தையும் இதுல எழுதியிருக்கேன்."

"நெஞ்சு எப்படி இருக்கு?"

"நெஞ்சுக்கு என்ன மேடம், கல்லு மாதிரி இருக்கு. விறகுதான்."

டாக்டர் மிரோன் இருமினார். தோதெர் கவனிக்கவில்லை. அடுத்த கட்டிலிலிருந்தும் காகிதம் வந்தது. அதற்கடுத்த கட்டிலிலிருந்தும். எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் முந்தின சாயங்காலமே தோதெர் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டருக்கும் சொல்லவில்லை, சவேத்தாவுக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு கிழவி ப்ளம் சாராயப் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள். அக்லாயா இரும மறந்துபோய், ஸ்பெயினில் இருக்கிற பையனின் போட்டோவைக் காட்டி அழுதாள்.

"ரெண்டு வருஷமா வரலை மேடம். பேசறதுக்கு ஒரு ஆடு இருக்கு எனக்கு. வேற யாரு இருக்கா?"

அந்த அம்மா எல்லாக் காகிதத்தையும் ஒழுங்காக அடுக்கிப் பையில் வைத்தாள். அவளுக்கே கண் கலங்கியிருந்தது. பிறகு அக்லாயாவின் கோட்டைப் பார்த்தாள், கோட்டுக்கு அடியில் இருந்த சிலிண்டரைப் பார்த்தாள், கதவோரம் வாளியோடு நின்ற சவேத்தாவைப் பார்த்தாள்.

"ஆக்சிஜன் இங்க யாருக்குப் போடறீங்கம்மா?"

வார்டில் எல்லோரும் சவேத்தாவைப் பார்த்தார்கள். டாக்டரும் பார்த்தார். அவள் வாய்க்குள் கிளிகோரின் பெயர் வந்துவிட்டது. ஆனால் அவன் குணமாகிப் போய்விட்டான் என்று அன்று காலைதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சொன்னால் அந்தக் காகிதம் பொய்யாகும், டாக்டர் மாட்டுவார், ஆறு தடவையும் வெளியே வரும். அவள் தரையைப் பார்த்தாள்.

"இப்ப யாருக்கும் இல்லைங்க மேடம்."

அந்த அம்மா குறித்துக்கொண்டாள். போகும்போது சவேத்தாவின் தோளைத் தொட்டு, "தரை கண்ணாடி மாதிரி இருக்கு," என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கிளிகோர் உயிரோடுதான் இருந்தான். நாற்காலியிலேயே நனைத்திருந்தான், அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அறிக்கையின் ஒரு பக்கத்தை டாக்டர் வாய்விட்டுப் படித்தார். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மருத்துவம் தேவையில்லை, பராமரிப்பே தேவை. இது அவர்களே கைப்பட எழுதிய மனுக்களால் உறுதியாகிறது. ஆக்சிஜன் வசதி பயன்பாட்டில் இல்லை. படித்து முடித்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஏப்ரலில் மாவட்ட ஆஸ்பத்திரி லாரி வந்தது. எக்ஸ்ரே மிஷின் போனது, பிரசவ மேஜை போனது, கடைசியாகச் சிலிண்டர்கள். ஒரு சிலிண்டரை விட்டுப் போகச் சொல்லி சவேத்தா டிரைவரிடம் கேட்டாள். அவள் கேட்டதே அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. டிரைவருக்கு எங்கே கேட்கும்?

டாக்டர் மிரோன் மே மாதம் பிரான்சுக்குப் போனார். சவேத்தாவுக்கு ஒரு டப்பா காபித்தூள் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இருபத்தெட்டு வருஷமும் நோயாளிகள் டாக்டர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவந்தது காபித்தூள்தான். டாக்டர் கையிலிருந்து ஆயா கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

முதியோர் இல்லத்தைத் திறந்து வைத்தது மேயர் தெமியான். ஐரோப்பாக்காரர்களின் பணம், புது டைல்ஸ், ரெட்டைக் கண்ணாடி ஜன்னல். இல்லம் கேட்டு ஊர் மக்களே விண்ணப்பித்தார்கள் என்று மேடையில் சொன்னார். பொய் இல்லை. அறிக்கையோடு வந்த இருபத்தேழு மனுவின் நகலும் அவரிடம் இருந்தது. அதைக் காட்டித்தான் இருபத்திரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். கட்டில் நிரம்பினால்தான் அடுத்த தவணை வரும். அக்லாயா ஆட்டை விற்றுவிட்டு அதே ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தாள். ஓய்வூதியத்தில் முக்கால்வாசி இல்லத்துக்குப் போனது. ஜூலையில் புது டைல்ஸில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

சவேத்தாவுக்கு வேலை போகவில்லை. ஆயா என்பதைப் பராமரிப்பாளர் என்று மாற்றினார்கள், அவ்வளவுதான். வேலையை விட்டு ஏழு பேர் போனால்தான் ஒருவரைப் புதிதாகச் சேர்க்கலாம் என்று சட்டம் இருந்ததால் மூன்று பேர் வேலை அவள் தலையில் விழுந்தது. இல்லத்துக்கு இயக்குநராக வந்தது மேயரின் மச்சினி. கோடையில் கிளிகோர் நான்கு தடவை மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனான். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். நான்கு தடவையும் திரும்பி வந்தான். பெத்ரேனியில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை; சராசரி நாள் ஏறிவிடுமாம்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு அவனுக்கு மூச்சு அடைத்தது. முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுவதற்காகப் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சவேத்தா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வண்டி மாவட்டத்தின் மறுகோடியில் இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் என்றார்கள். அவள் அவனுடைய சட்டையைக் கிழித்துத் திறந்தாள், கைகளைத் தூக்கிப் பிடித்தாள், கைக்குக் கிடைத்த அட்டையால் விசிறினாள். உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"திட்டுய்யா," என்றாள். "யாரையாவது திட்டு."

அவன் அவளைப் பார்த்தான். திட்ட முயற்சி செய்ததாகத்தான் அவளுக்குத் தோன்றியது. வாய் இரண்டு தடவை அசைந்தது.

வண்டி நாலரைக்கு வந்தது. அதில் டாக்டர் இல்லை, ஒரு நர்ஸ்தான். செத்தவரை ஏற்றக் கூடாது என்றாள். இறந்துவிட்டார் என்று எழுதித் தரவும் டாக்டர்தான் வேண்டும். மூன்று ஊருக்கும் சேர்த்து இருந்த டாக்டர் லீவில் போயிருந்தார், திங்கள்கிழமை வருவார். அந்தக் காகிதம் இல்லாமல் புதைக்க முடியாது. சவேத்தா அவனைக் குளிப்பாட்டி, கல்யாணக் கோட்டைப் போட்டு, மேஜையில் கிடத்தினாள். வீடு குளிர்ந்தே இருக்கட்டும் என்று அடுப்பை அணைத்தாள். பாதிரியார் சாவு மணியடிக்கச் சொன்னார்.

சனிக்கிழமை காலை இயக்குநர் அம்மா போன் பண்ணினாள்.

"சவேத்தா, கேள்விப்பட்டேன். ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும். ஒரு உபகாரம் பண்ணும்மா. காலையில சூப் குடுக்க ஆள் இல்லை. குடுத்துட்டு உடனே போயிடு. உள்ள யார்கிட்டயும் சொல்லாத, சரியா? சாவுன்னாலே ராத்திரியெல்லாம் கத்துதுங்க."

பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தியை உடலுக்குக் காவல் வைத்துவிட்டு சவேத்தா போனாள். துக்கத்துக்குக் கட்டியிருந்த கறுப்புத் துணியைத் தலையிலிருந்து அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபத்தொரு கட்டிலுக்கும் சூப் கொடுத்து முடித்து, கடைசியாக அக்லாயாவிடம் வந்தாள். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. ரெட்டைக் கண்ணாடிக்குள் எதுவும் கேட்கவில்லை.

"ஏண்டி இவ்வளவு லேட்டு? சூப்பு ஆறிப்போச்சு. கிளிகோர் மறுபடி படுத்துட்டானா?"

"ஆமாக்கா. படுத்திருக்கான்."

"நெஞ்சா?"

"நெஞ்சுதான்."

"டாக்டரு வரானா?"

"திங்கக்கிழமை வராராம்."

"திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும்னா பெருசா ஒண்ணுமில்லடி. உன் புருஷன் எப்பவும் இப்படித்தான், சும்மா படுத்துக்கிட்டு உன்னை ஓட வைப்பான்," என்று சொல்லிவிட்டு அக்லாயா வாயைத் திறந்தாள்.

சவேத்தா கரண்டியை நிரப்பி, சிந்தாமல் உள்ளே விட்டாள். தாடையில் வழிந்ததைத் துடைத்தாள். கிண்ணம் காலியாகிற வரைக்கும் கொடுத்தாள்.